பரஸ்தானம் வைத்த பை

துளசிங்கத்தின் போன் அடித்தது. நன்றாகவே அடித்தது. ஆனால் அடித்தது பூட்டிய வீட்டுக்குள்ளே.

மோகனப்ரியா தன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, இரும்புக் கதவில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே கூடத்துக்கு அந்தப்புறம் எங்கேயோ ஒரு முருகன் பாட்டு பாடி முடித்து ஓய்ந்தது.

மணி ஒன்பதரை.

"பெரிப்பா போனை வூட்லயே வெச்சிட்டுப் பூட்டாரு" என்றாள், பின்னால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்க்காமலே. பார்த்தால் அம்மா அழுதுவிடுவாள் என்று தெரியும்.

நிலைமை இதுதான். மோகனப்ரியாவோடு நர்சிங் படித்த தான்சானியாக்காரி நீமாவின் விமானம் இன்று இரவு எட்டரைக்கு, சென்னையிலிருந்து. ஐந்து மணிக்காவது அங்கே இருக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணியைச் சுற்றிக்கொண்டு போவதென்றால், கே.ஜி.கண்டிகையை விட்டுக் கார் ஒன்றரைக்குள் கிளம்பியாக வேண்டும். அவளுடைய விசா இன்றோடு முடிகிறது. நாளைக்கு அவள் இந்த மண்ணில் நின்றால் சட்டப்படி தப்பு. பாஸ்போர்ட், நான்கு வருடம் படித்து வாங்கிய நர்சிங் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு சின்னக் கறுப்புப் பையில். பை துளசிங்கம் வீட்டுக்குள். துளசிங்கமும் அவர் மனைவி கௌரியம்மாளும் விடியற்காலை நான்கு மணிக்கே காவடியோடு மலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

பையை இங்கே கொண்டுவந்து வைத்தது யார்?

பின்னால் நிற்கும் கன்னியம்மாள்தான். மோகனப்ரியாவின் அம்மா.

*

கன்னியம்மாளுக்குப் பக்கத்து ஊர் போவதற்கே நாள் பார்க்க வேண்டும். தான்சானியா என்றால் கேட்கவா வேண்டும்? நீமாவுக்கு ஏது நட்சத்திரம் என்று மகள் சிரித்தபோது, அதெல்லாம் எப்போதோ கணித்தாயிற்று என்றாள். மொரோகோரோ என்ற ஊரில் இருக்கும் நீமாவின் அம்மாவை வீடியோ காலில் பிடித்துப் பிறந்த நேரம் கேட்டு, அந்த ஊர் மணியை இந்த ஊர் மணியாக மாற்றி ஜோசியரிடம் கொடுத்திருந்தாள். சித்திரை நட்சத்திரம், துலாம் ராசி. துலாம் ராசிக்குக் கிருத்திகையன்று சந்திராஷ்டமம். வாசற்படி தாண்டக் கூடாத நாள்.

டிக்கெட்டை மாற்ற முடியாது. ஆனால் நாளைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. அதற்குப் பெயர் பரஸ்தானம். இரண்டு நாள் முன்னதாக நல்ல நேரத்தில், பயணம் போகிறவரின் சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஒரு நிபந்தனை. வைக்கிற சாமான் ஏதோ பழந்துணியாக இருக்கக் கூடாது. போகிறவருக்குக் கட்டாயம் வேண்டியதாக இருக்க வேண்டும்.

கன்னியம்மாள் அந்த நிபந்தனையைக் கொஞ்சம் கூடுதலாகவே நிறைவேற்றிவிட்டாள். பெரிய பெட்டிகள் இரண்டையும் அவளால் அசைக்க முடியவில்லை. கறுப்புப் பை கைக்கு அடக்கமாக இருந்தது. நீமா அப்போது ஊரில் இல்லை. கனகம்மாசத்திரத்தில், வகுப்புத் தோழி ஹேமாவதி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்தவளிடம் 'உன் பையில ஒண்ணைப் பரஸ்தானம் வெச்சிட்டேன்' என்று சொன்னதும், புடவைகள் கட்டிய துணிப்பையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சரிம்மா என்றுவிட்டாள்.

இன்று காலை வழியனுப்ப வந்த ஹேமாவதிதான், பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பையில் வை என்று ஞாபகப்படுத்தினாள். அப்புறம்தான் வீடு தலைகீழானது.

"என் கையால அந்தப் பொண்ணு பயணத்தைக் கெடுத்துட்டேனே" என்றாள் கன்னியம்மாள். சத்தமாகக்கூட இல்லை.

மாமா மகன் ஸ்ரீதர் கடப்பாரையோடு வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எதற்கும் நேர்வழி அவனுக்கு ஆகாது. கன்னியம்மாள் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"காவடி எடுத்துகினு போனவங்க வூட்டுக் கதவை ஒடைக்கிறதா? வேணாம்பா, அதுவும் என் தலையில வேணாம்."

"அத்தை, பிளேன் உனக்காக நிக்காது, தள்ளு."

அவளைத் தள்ளி நிற்கவைத்து நெம்பியும் பார்த்தான். போன வருடம் பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தபின் துளசிங்கம் அரக்கோணத்திலிருந்து செய்து கொண்டுவந்து மாட்டிய கதவு அது. கடப்பாரைதான் லேசாக வளைந்தது. வெட்டி எடுக்க வெல்டிங்காரர் வேண்டும். கிருத்திகையன்று எந்த வெல்டிங்காரர் பட்டறையில் இருப்பார்?

நீமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, துளசிங்கம் வீட்டுக் கோழிக்கூண்டின் பக்கத்தில் நின்றாள். அதன் கூரைமேல் கை வைத்திருந்தாள். தன் வீட்டில் இருக்கிற மாதிரிதான் அந்த முற்றத்திலும் இருப்பாள். போன மாதம் மணவூர்க் கல்யாணத்துக்குத் துளசிங்கமும் கௌரியம்மாளும் போனபோது, இரண்டு நாளும் மாட்டுக்குத் தவிடு கலக்கி வைத்தவள் அவள்தான். விரல்கள் கூரை ஓட்டின் விளிம்பிலேயே இருந்தன. பிறகு கூரையிலிருந்து கையை எடுத்தாள்.

"மலைக்குப் போலாம்" என்றாள். "நானும் வரேன்."

கன்னியம்மாள் பதறினாள். சந்திராஷ்டமம், கூட்டம், நெரிசல் என்று அடுக்கினாள்.

"அம்மா, பெரிப்பா காவடியை என்னாலதான் கண்டுபிடிக்க முடியும். நேத்து பூ கட்னது நான். சாமந்திக்கு நடுவுல ஊதா வாடாமல்லி ஒரு சரம் போட்டுகீறேன். வேற எதுலயும் அது இருக்காது."

கன்னியம்மாள் பூட்டிய கதவின் முன்னால் வெயிலில் உட்கார்ந்தாள். இது திறக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

*

ஆட்டோவைப் புறவழிச் சாலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் வண்டி கிடையாது. ஸ்ரீதரை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பெண்களும் நடந்தார்கள். நடந்தார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. கூட்டம் கொண்டுபோனது.

எங்கு பார்த்தாலும் மஞ்சள். மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, சந்தனம் அப்பிய மொட்டைத் தலைகள். பம்பையும் உடுக்கையும் ஒன்றையொன்று முந்தின. தமிழில் ஒரு அரோகரா, தெலுங்கில் ஒரு அரோகரா. இத்தனை லட்சத்தில் ஒரு ஊதாச் சரம்.

சரவணப்பொய்கையில் அரை மணி நேரம் போனது. குளித்துக் கரையேறிய காவடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இல்லை. காணாமல் போனவர்களுக்கு அறிவிப்புச் செய்யும் பந்தலில் ஹேமாவதி புகுந்தாள். மைக்கில் இருந்த தொண்டர் பெயரைக் கேட்டு எழுதி வரிசையில் வைப்பதற்குள் பொறுமையிழந்து, மைக்கைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"கே.ஜி.கண்டிகை துளசிங்கம் பெரிப்பா, எங்க இருந்தாலும் உடனே வாங்க. உங்க வூட்டுக்குள்ள ஒரு பொண்ணோட ஊரே மாட்டிகினு கீது."

பெண் போலீஸ் ஒருத்தி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாலும், சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. ஹேமாவதி பந்தலிலேயே காவல் இருப்பது, மற்ற இருவரும் படியேறுவது என்று முடிவானது.

முந்நூற்று அறுபத்தைந்து படிகள். மணி பத்து நாற்பது.

மோகனப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். இடது பக்கக் காவடிகள் அவள் பொறுப்பு, வலது பக்கம் நீமாவுக்கு. பத்துப் படிக்கொரு தரம் திரும்பி நீமா வருகிறாளா என்று பார்த்தாள். வந்தாள். ஆனால் நீமா தேடுகிற மாதிரி இல்லை. பார்க்கிற மாதிரி இருந்தது. பம்பைக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டே போனபோது அவள் தோளும் கூடவே அசைந்தது. மொட்டையடித்த ஒரு தெலுங்குக்கார அம்மா தன் கிண்ணத்துச் சந்தனத்தை அவள் நெற்றியிலும் கன்னத்திலும் பூசிவிட்டுப் போனாள். நீமா அதைத் துடைக்கவில்லை. முறைத்துப் பார்த்த ஒரு வாண்டிடம், "இன்னா பாக்கறே, நானும் கண்டிகைதான்" என்றாள்.

நான்கு வருடத்தில் ஒரு கிருத்திகைகூட அவளுக்கு வாய்க்கவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் ஆஸ்பத்திரிப் பயிற்சி, அல்லது தேர்வு. வார்டு ஜன்னலில் நின்று தூரத்து மேளத்தைக் கேட்பாள். இந்த வருடமாவது என்றிருந்தாள். டிக்கெட் இதே நாளில் விழுந்தது.

பாவம் என்று நினைத்தாள் மோகனப்ரியா.

முதல் வருடத்தில் ஊசி போடப் பழகிய நாள் ஞாபகம் வந்தது. ரப்பர் கையில் குத்திப் பழகியபின், நிஜக் கையில் நரம்பு பிடிக்க வேண்டும். மோகனப்ரியாவின் கை நடுங்குவதைப் பார்த்து வகுப்பே கையை இழுத்துக்கொண்டது. அதுவரை இரண்டு வார்த்தைகூடப் பேசியிராத நீமா எழுந்து வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினாள். மூன்று முறை தவறி நான்காவதில் கிடைத்தது. ஒரு வாரம் கை வீங்கிக் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மோகனப்ரியா அவளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவந்தாள். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மகளைத் திட்டி, நீமாவுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றினாள். அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அவள் ஹாஸ்டலில் சாப்பிட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை?

அந்தக் கேள்வியை மோகனப்ரியா இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இருநூறாவது படியில் அது முழு பலத்தோடு எதிரே நின்றது.

*

மணி பதினொன்று ஐம்பது. மலைமேல்.

தரிசன வரிசை, தடுப்புக் கம்பிகளுக்கிடையே வளைந்து வளைந்து போனது. ஒரு தரம் அதற்குள் புகுந்தவர் வெளியே வர மூன்று மணி நேரம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். நீமா இருபதடி பின்னால் கூட்டத்தில் சிக்கியிருந்தாள். மோகனப்ரியா ஒரு தூணின் அடித்திட்டில் ஏறி நின்றாள்.

ஊதா!

சாமந்திக்கு நடுவே ஒரு கோடு. அதன் கீழே துளசிங்கத்தின் அகன்ற முதுகு. பக்கத்தில் கௌரியம்மாள். வரிசையின் வாய்க்கு இன்னும் பத்தே அடி.

கூப்பிட வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கூப்பிடாவிட்டால்? பெரிப்பா உள்ளே போய்விடுவார். மூன்று மணி நேரம். விமானம் போய்விடும். அபராதம், அலுவலகம், மனு என்று பத்து நாளாவது ஓடும். பத்து நாள் நீமா இங்கே இருப்பாள். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நெரிசலில் பார்க்கவில்லை என்று சொன்னால் முடிந்தது.

ஒரு மூச்சு. துளசிங்கம் ஓரடி முன்னேறினார்.

இரண்டாவது மூச்சு. இன்னும் ஓரடி.

மூன்றாவது மூச்சில் மொரோகோரோக்காரி ஒருத்தி கண்முன் வந்தாள். வீடியோ காலில் மட்டுமே பார்த்த முகம். நான்கு வருடமாக மகளைத் தொடாத அம்மா. கூடவே, வெயிலில் பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மா.

"பெரிப்பா!"

அந்தக் கத்தலில் நாலைந்து காவடிகள் திரும்பின. துளசிங்கமும் திரும்பினார். அவர் காவடி இறக்கும்வரை மௌன விரதம். புருவத்தை மட்டும் உயர்த்தினார். மோகனப்ரியா தடுப்புக் கம்பிக்குக் கீழே புகுந்து போய், மூச்சிரைக்க விஷயத்தைக் கொட்டினாள். நீமாவும் வந்து சேர்ந்தாள். துளசிங்கம் கண்ணாலேயே மனைவிக்கு உத்தரவு போட்டார்.

கௌரியம்மாள் புடவை முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி நீமாவை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஏண்டி கண்ணு, இந்தச் சாவிக்கோசரமா இம்மாந்தூரம் ஏறி வந்தே? ஏன், அந்த..."

"பெரிம்மா, விபூதி குடு" என்று நீமா குனிந்து தலையை நீட்டினாள். "ஊருக்குப் போறேன். நல்லா பூசி வுடு."

கௌரியம்மாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு விபூதி பூசினாள். பூசிய கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. சாவி மோகனப்ரியாவின் கைக்கு வந்தது.

இறங்கும்போது ஏதோ ஒன்று மோகனப்ரியாவை உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. பிடித்துப் பார்க்க நேரமும் இல்லை.

*

ஒன்று பத்துக்கு ஆட்டோ தெருவில் நுழைந்தபோது, கன்னியம்மாள் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்துவீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் செம்பு மூடியபடியே இருந்தது. முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

நீமா ஆட்டோ நிற்பதற்குள் குதித்தாள். செம்பை எடுத்து அம்மாவின் வாயில் வைத்தாள்.

"அம்மா, மன்னிச்சிடும்மா."

"நீ எதுக்குடி மன்னிப்பு கேக்கறே? தப்பு பண்ணவ நானு."

"இல்லம்மா" என்றாள் நீமா. அதற்குமேல் சொல்லாமல், அம்மாவின் பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

மோகனப்ரியா கதவைத் திறந்தாள். கூடத்தைத் தாண்டி உள்ளறை. கறுப்புப் பை குங்குமப் பொட்டோடு பத்திரமாக இருந்தது. அம்மா அதைத் தரையில் வைக்கக்கூடாது என்று உயரமாக வைத்திருந்தாள், ஒரு மூட்டையின் மேலே.

தவிட்டு மூட்டை.

மோகனப்ரியா அதைப் பார்த்தபடி நின்றாள். இந்த வீட்டில் தவிடு வேறெங்கும் கிடையாது. உள்ளறையில்தான். போன மாதம் பெரிப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு மணவூர் போயிருந்தபோது, இரண்டு நாள் மாட்டுக்குத் தவிடு கலக்கியவள், அந்தத் தவிட்டை எப்படி எடுத்தாள்?

மலைமேல் பெரிம்மா சொல்லவந்து விழுங்கியது அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

*

கார்க்காரர் தணிகைமணி வண்டியைத் துளசிங்கம் வீட்டு வாசலுக்கே கொண்டுவர வேண்டியிருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் கன்னியம்மாள் பரஸ்தானத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வைத்த பை மறுபடி தன் வீட்டுப் படி ஏறக் கூடாது, நேராக வண்டிக்குள்தான் போக வேண்டும் என்றாள். நீமா அப்படியே செய்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வடை பாயசத்தோடு போட்டிருந்த திட்டமெல்லாம் ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கி, பின் சீட்டில் ஏறியது. ஹேமாவதி எல்லோருக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள். நடுவில் ஸ்ரீதரைப் பார்த்து, வளைந்த கடப்பாரையைத் தான்சானியாவுக்குக் கொடுத்தனுப்பு, அங்கே பூட்டு எல்லாம் லேசாக இருக்கும் என்றாள்.

விமான நிலையத்துக்கு யாரும் வரக்கூடாது என்று நீமா முன்பே சொல்லியிருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா வந்து, கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்று அழுதாளாம். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லையாம். இன்னொரு தடவை தன்னால் அதைப் பார்க்க முடியாது என்றாள்.

மணி ஒன்று இருபத்தெட்டு. கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. மோகனப்ரியா குனிந்தாள். அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"தவிடு வூட்டுக்குள்ளதானேடி கீது?"

நீமா சிரிக்கவில்லை. சந்தனம் கன்னத்தில் காய்ந்து வெடித்திருந்தது.

"ஆங்" என்றாள். "இன்னொரு சாவி. கோழிக்கூண்டு மேல, மூணாவது ஓட்டுக்கு அடியில. பெரிம்மா எனக்கு மட்டும்தான் சொன்னாங்க. உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்னாங்க."

"காலையில அது மேலதான் கைய வெச்சிகினு நின்னே."

"ஆமா. எடுக்கத்தான் போனேன்." நீமா கறுப்புப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "எடுத்துட்டா பத்து நிமிசத்துல பை கெடைச்சிடும். அப்புறம் மதியம் வரைக்கும் எல்லாரும் என் மூஞ்சியப் பார்த்துகினு உக்காந்திருப்பீங்க. அழுவீங்க. அது வேணாம். ஒரு தடவை உங்களோட கிருத்திகைக்கு மலை ஏறணும்னு தோணிச்சி. பன்னண்டு மணி ஆனா சொல்லிடலாம்னு இருந்தேன். ஆனா அம்மா வெயில்லியே உக்காந்திருப்பாங்கன்னு நினைக்கல. அது எனக்கு ஆறாது."

தணிகைமணி ஹாரனைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். நேரமாகிறது என்பதை அதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

மோகனப்ரியாவுக்குக் கோபம் வர வேண்டும். வந்து பார்த்துவிட்டு அது திரும்பிப் போய்விட்டது.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "மேல பெரிப்பாவைப் பார்த்ததும் நான் கூப்பிடல. வரிசைக்குள்ள போவட்டும்னு நின்னேன்."

"எத்தினி நேரம்?"

"மூணு மூச்சு."

நீமா அவளையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் ரெண்டரை மணி நேரம்டி. நான்தான் ஜெயிச்சேன்."

கை நீட்டினாள். ஊசி பழகிய அதே இடது கை. மோகனப்ரியா அதை மணிக்கட்டில் பிடித்தாள். பழக்கதோஷம், விரல் தானாக நாடியில் போய் உட்கார்ந்தது. வேகமாகத்தான் அடித்தது. வண்டி நகரும்வரை விடாமல் பிடித்திருந்தாள். நகர்ந்த பிறகும் நாலடி கூடவே நடந்தாள்.

பரஸ்தானம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. நீமா பார்க்கவில்லை. ஆனால் தெருமுனை திரும்பும்வரை அந்தக் கை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

கன்னியம்மாள் அப்போதுதான் எழுந்து முந்தானையை உதறினாள். மகளிடம் சாவியைக் கேட்டாள், கதவைப் பூட்டிவிடலாமென்று. மோகனப்ரியா கொடுத்தாள். அம்மா பூட்டிக்கொண்டிருக்கையில் கோழிக்கூண்டு பக்கம் போய், மூன்றாவது ஓட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

இருந்தது. பொட்டுத் துருகூட இல்லாமல்.

ஓட்டை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை.